மெலாத்திக்கு மாலை

சுங்கை சிப்புட்டில் புது மோட்டார் வாங்கிச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் நகர்த்துகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. விமலாவும் அந்த ஊர்க்காரிதான். மகள் தினேஸ்வரி பள்ளி விடுமுறையில் குதிரை ஓட்டப் பழகுகிறாள் என்றால் குதிரைக்கும் ஒரு பூசை போட்டுவிடுவதுதானே முறை? கையுறைத் தொழிற்சாலையில் லீவு கிடைத்ததும் மல்லிகை மாலை, எலுமிச்சம்பழம், ஒரு போத்தல் மஞ்சள் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முகாம் ஈப்போவுக்கு வெளியே ஒரு பழைய ரப்பர்ப் பால்மரத் தோட்டத்தில் நடந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, அதிலும் ஒரு மூலையைச் சமன்படுத்தி வேலி போட்டிருந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமான முகாம். காலையில் வேனில் போனால் சாயங்காலம் வீடு வந்துவிடலாம். முதல் நாளிலிருந்தே தினேஸ்வரிக்கு மெலாத்தி என்ற வெள்ளைக் குதிரையைத் தவிர வேறு பேச்சே இல்லை. இன்றைக்கு யாரும் கயிறு பிடிக்காமல் தனியாக ஒரு சுற்று வரப்போகிறாள். விழுந்து வைப்பாளோ என்று விமலாவுக்குப் பயம்.

“என்னாக்கா, குதிரைக்குக் கல்யாணமா?” என்று சிரித்தாள் பயிற்சி கொடுக்கும் வலேரி. மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளுக்கு இதெல்லாம் வேடிக்கை. “போடுங்க லா. மெலாத்தி ஒண்ணும் செய்யாது.”

தினேஸ்வரி சிரிக்கவில்லை. மாலையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“வேணாம்மா.”

“சும்மா சாமி கும்பிடத்தான்டி.”

“வேணாம்மா, ப்ளீஸ்.”

மற்றப் பிள்ளைகள் முன்னால் வெட்கப்படுகிறாள் என்று விமலா நினைத்தாள். அந்த வயசுக்கு அம்மா எது செய்தாலும் வெட்கம்தான். மாலையைப் போட்டு, மஞ்சள் தண்ணீரை அள்ளிக் குதிரையின் நெற்றியிலும் முதுகிலும் தெளித்தாள். குதிரை தலையை உதறி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது.

“பாத்தியா, சிலுத்துக்கிச்சு!” என்றாள் விமலா, மனம் குளிர்ந்து.

பழத்தைக் குளம்புக்கடியில் வைக்க அவள் குனிவதற்குள் தினேஸ்வரி வீறிட்டாள். மாலையைப் பிய்த்து எறிந்தாள். வலேரியிடமிருந்து கயிற்றைப் பிடுங்கி, குதிரையைக் கொட்டகைக்குள் இழுத்துப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

விமலாவுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பிள்ளைக்கு அருள் வந்துவிட்டதா? முனியாண்டிக்கு ஏதும் குறை வைத்தோமா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக அல்லவா போய்விட்டது! “கதவத் தொறடி!” என்று ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

வலேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கத்தாதீங்கக்கா. உள்ள எடம் சின்னது. குதிர மிரண்டா பிள்ளைய மிதிச்சிரும்.”

 விமலா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். குதிரை நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. தினேஸ்வரி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னாடி ஆச்சு? அம்மாகிட்ட சொல்லு.”

“மெலாத்திய எப்ப வெட்டுவீங்க?”

“குதிரைய யாராச்சும் வெட்டுவாங்களா? பைத்தியமா ஒனக்கு?”

“போன வருசம் நம்ம ஆட்டுக்குட்டிக்கும் இப்படித்தான் மால போட்ட. தண்ணி தெளிச்ச. சிலுத்துக்கிச்சு, சாமி ஏத்துக்கிச்சுன்னு சந்தோசப்பட்ட. நான் கேட்டப்ப, சும்மா சாமி கும்பிடத்தான் கூட்டிட்டுப் போறோம்னு சொன்ன.”

 முனியாண்டி பூசைக்கென்று நேர்ந்துவிட்ட குட்டி அது. தினமும் தழை ஒடித்துப் போட்டு வளர்த்தவள் தினேஸ்வரிதான். அன்றைக்கு அழக் கூடாதே என்று சொன்ன ஒரு பொய். சாயங்காலம் கறிச்சோற்றைத் தொடாமல் படுத்தபோதும் காய்ச்சல் என்றுதான் விமலா நினைத்தாள். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

“அம்மா சத்தியமா சொல்றேன், ஒண்ணும் செய்ய மாட்டோம்.”

 உள்ளிருந்து சன்னமாகக் குரல் வந்தது. “டீச்சர், நீங்க சொல்லுங்க.”

வலேரி விழித்தாள். யார் ஆடு, எந்தப் பூசை, அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஒண்ணும் செய்ய மாட்டாங்க, கண்ணு. மெலாத்தி எங்கயும் போவாது,” என்றாள்.

தாழ்ப்பாள் உடனே திறந்தது. தினேஸ்வரி குதிரையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அம்மாவைக் கடக்கும்போது மட்டும் கயிற்றை மறு கைக்கு மாற்றி, அம்மாவுக்கும் குதிரைக்கும் நடுவில் தான் வந்துகொண்டாள்.