பலகை அடித்த காற்றுவழி

வந்திருந்தவர்கள்: பசுமைக் கட்டட வட்டத்தின் தலைவர் பாலச்சந்திரன், உறுப்பினரும் வடிவமைப்பாளருமான ஜோஷுவா, வீட்டை வடிவமைத்த சந்திரிகா, வீட்டுக்காரர் பக்தவத்சலம், அவர் மனைவி சாவித்ரி. புறாக்களை யாரும் அழைக்கவில்லை.

மராட்டியப் புறநகரான விஷ்ராந்த்வாடியில் 2006 மே மாத வெயில். வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் கட்டிய வீட்டில் பிற்பகல் முழுக்க மின்விசிறி போடாமல் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதுவரை வீட்டுக்காரர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஏற்றியோ இறக்கியோ பேசிவிடுவாராம். பக்கத்துத் தளேகாவ் ஊரில் ஒரு தொழிற்சாலை தன் ஆட்களுக்குக் குடியிருப்பு கட்டப் போகிறது. வட்டம் கைகாட்டும் ஆளுக்குத்தான் வேலை. அது வந்தால் சந்திரிகாவின் சின்ன அலுவலகம் பிழைக்கும். வராவிட்டால் பழைய முதலாளியிடமே போய் அடுத்தவர் வரைபடத்துக்குக் கோடு இழுக்க வேண்டும்.

உட்கார்ந்ததுமே புழுங்கியது. சந்திரிகா அண்ணாந்து பார்த்தாள். மொட்டைமாடிக் கூண்டில் மேற்குக் காற்றைப் பிடித்துக் கூடத்தில் இறக்கும் வழி அவளுடைய பெருமை. அது கூடத்தில் திறக்கும் இடத்தில் பலகை அடித்து, சுவரின் வெள்ளையையே பூசியிருந்தார்கள். தெரியாதவர் கண்ணுக்கு அது சுவர்தான். ஏன் என்று கேட்டால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்ததாகும்.

பாலச்சந்திரன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். பக்தவத்சலம் விரதக்காரர் மாதிரி உதட்டை இறுக்கியிருந்தார்.

வழக்கம் தெரியாத சாவித்ரி மாங்காய்ப் பானகமான பன்ஹே தம்ளர்களோடு வந்தாள். "ஏன் இப்படி வேர்த்துக் கொட்டிண்டு உக்காந்திருக்கேள்? ஃபேனைப் போட்டுக்கோங்கோளேன்."

"கூடாது மாமி. காத்து தானா வரணும்" என்று ஜோஷுவா சிரித்தான்.

"எங்கேருந்து வரும்? அதைத்தான் அடைச்சாச்சே." மேலே கை காட்டினாள். "கபூத்தர், அதான் புறா, குடும்பத்தோட வந்து சாமி அலமாரி மேல குடித்தனம் பண்ணித்து. இவருக்கானா ஒரே இருமல்."

"வலை போடலையா சந்திரிகா?" ஜோஷுவா கேட்டான்.

"போட்டா காத்து பாதியாயிடும்."

"இப்ப முழுசா வருது பார்."

பாலச்சந்திரன் சிரிக்கவில்லை. "கழட்டிப் பாத்துரலாம்."

ஜோஷுவா ஸ்டூலில் ஏறிப் பலகையைப் பெயர்த்தான். காற்று இறங்கியது. சந்திரிகா கணக்குப் போட்ட அதே காற்று. கூடவே காய்ந்த எச்சமும் இறகும் குச்சியும் தம்ளர்களில் விழுந்தன.

"காத்து ஜோர்" என்றார் பாலச்சந்திரன், தன் தோளில் விழுந்ததைத் தட்டிவிட்டபடி. "சாவியைக் குடுத்தப்புறம் ஒரு தடவையாவது இங்க வந்தியா சந்திரிகா?"

"இல்ல சார்."

"தளேகாவ்லயும் புறா உண்டு. ஜோஷுவா பேரைச் சொல்லிடறேன்."

ஜோஷுவா ஸ்டூலை விட்டு இறங்காமல், பலகையை எங்கே வைப்பதென்று தேடினான். சாவித்ரி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பாலச்சந்திரனும் ஜோஷுவாவும் கிளம்பிப் போனார்கள். சந்திரிகா தரையில் கிடந்த இறகுகளைப் பொறுக்கினாள். "நானே வலை போட்டுத் தரேன் சார்."

பக்தவத்சலத்துக்கு இப்போது பேச அனுமதி உண்டு. "வேண்டாம்மா. நாளைக்கு ஏ.சி.காரன் வரான். உள்ள பொட்டுக் காத்து வரப்படாதுன்னு சொல்லியிருக்கான்."

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். அவள் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி திரும்பியது.