சுடாதீங்க ஷெரிஃப்!

எங்கள் கௌபாய் டிவி தொடர் நின்று போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் "டிரை ஃபோர்க்" என்று அதன் பேரைச் சொன்னால் கண் கலங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். வியாழக்கிழமை சாயங்காலமானால் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளை டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள்தான், இப்போது வழுக்கைத் தலையோடு வருகிறார்கள். வருஷா வருஷம் அக்டோபரில், தொடர் எடுத்த அந்தப் பாலைவனத்து ஊரில் கூடுவார்கள். கையில் பழைய தகர டிபன் பெட்டி. மூடியில் என் புருஷன் வெண்டல், இளமையாக, தொப்பியும் நட்சத்திரமுமாகச் சிரித்துக்கொண்டிருப்பான். நிஜ வெண்டலுக்கு இப்போது பாதிப் பல் கிடையாது. அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைவீதியில் கடைசி நிகழ்ச்சி, துப்பாக்கிச் சண்டை. ஷெரிஃப் வேஷம் வெண்டலுக்கு. எதிரே ரூபன் ஓச்சோவா. ரூபன் எங்கள் தொடரில் வாரத்துக்கு ஒரு மீசை ஒட்டிக்கொண்டு வந்து செத்தவன். கூரையிலிருந்து, குதிரையிலிருந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் என்று விதவிதமாகச் சாவான். "நீ சுடறதுல என்ன இருக்கு? நான் விழறதைப் பார்க்கத்தான்யா ஜனம் டிவி போட்டுது" என்று வெண்டலைச் சீண்டாத நாள் கிடையாது.

தொடரில் நான் மிஸ் கிளாரா, ஹோட்டல்காரி. எனக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்று. கடைசியில் தெருவுக்கு ஓடி வந்து, "சுடாதீங்க ஷெரிஃப்!" என்று அலற வேண்டும். ஷெரிஃப் ஒரு தடவைகூடக் காது கொடுத்ததில்லை. இப்போது நான் வாயைத் திறந்தால் கூட்டம் மொத்தமும் சேர்ந்து கத்தும்.

ஷெரிஃப்புக்கு இரண்டு விரதம். எதிராளி எடுக்கும் முன்னால் தான் துப்பாக்கியை எடுக்க மாட்டான். கையில் ஆயுதம் இல்லாதவனைச் சுட மாட்டான். அந்தக் காலத்துப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிக்கும். வெண்டல் இதை நிஜ வாழ்க்கையிலும் பிடித்துக்கொண்டு தொங்கினான். ஒருமுறை மளிகைக்கடை விளம்பரத்துக்கு, ஒரு கோமாளியைத் தண்ணீர்த் துப்பாக்கியால் சுடச் சொன்னார்கள். "அவன் கையில ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த மாதம் முழுக்கக் காசில்லாமல் டப்பா பீன்ஸையே தின்றோம்.

அந்த வருஷம் வெண்டல் இரண்டு துப்பாக்கி கொண்டு வந்திருந்தான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று சண்டைக்காட்சிக்கானது. வெறும் மருந்துத் தோட்டா போட்டது, சத்தமும் புகையும் மட்டும் வரும். விழாக்காரர்கள் காலையில் சோதித்துப் பிடியில் மஞ்சள் நாடா ஒட்டித் தருவார்கள். இன்னொன்று நிஜம். தொடர் முடிந்தபோது கம்பெனி பரிசாகக் கொடுத்தது. ரசிகர்கள் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வதற்காக அதைக் கொண்டு வருவான். அதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுப் படிக்கு அடியில் ஒரு பாம்பு வந்தது. சாரைப்பாம்பு இல்லை, வாலைக் கிலுக்குகிற விஷப்பாம்பு. அதற்காக நிஜத் துப்பாக்கியில் குண்டு போட்டான்.

வரும் வழியில் காரிலேயே கேட்டேன்.

"குண்டை எடுத்துட்டியா?"

"போனதும் எடுக்கறேன்."

"இப்பவே வண்டிய நிறுத்தி எடு."

"மேவிஸ், நான் துப்பாக்கி பிடிக்க ஆரம்பிச்சப்ப உனக்குப் பால் பல்லுகூட விழல. பேசாம வா."

ஞாயிறு காலை ரசிகர்களோடு பான்கேக் சாப்பிடப் போனான், நிஜத் துப்பாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டு. படம் எடுத்து முடிந்ததும் அறைக்கு வந்து மாற்றிக்கொள்வது வழக்கம். அவன் வரவில்லை. யாரோ ஒரு வழுக்கைத்தலைப் பிள்ளை பிடித்துக்கொண்டு விடவில்லை போலும். நேரமாகிவிட்டதே என்று நான் தெருவுக்கே போனேன். வெண்டல் கடைவாசலில் நின்று, காதிலிருந்த கருவி இரண்டையும் கழற்றி என் கையில் கொடுத்தான். ஷெரிஃப் காதுக்கருவி போடக் கூடாதாம். அது இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. அந்த அவசரத்தில் துப்பாக்கி ஞாபகமே எனக்கு வரவில்லை. கருவிகளை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, என் தொப்பியை எடுத்து வர மோட்டல் அறைக்குத் திரும்பினேன்.

கட்டில்மேல் கிடந்தது, மஞ்சள் நாடா ஒட்டிய துப்பாக்கி.

அப்படியானால் அவன் இடுப்பில் இருப்பது எது?

வெண்டல் பக்கவாட்டில் குறி வைக்கிறவன் இல்லை. ரூபன் அதற்கு விடமாட்டான். "ரெண்டாவது பித்தான்ல வை. அப்பத்தான் எனக்கு ஒழுங்கா சாக வரும்" என்பான். எழுபத்தைந்து வயசிலும் வெண்டலுக்குக் கை நடுங்காது, குறி தப்பாது. கடவுளே, இன்றைக்காவது தப்பட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். எடுத்துப் போட்டுக்கொண்ட நாடாத் துப்பாக்கி பையில் கிடந்து தொடையில் இடித்தது. எனக்கு இடது முட்டி போய் ரொம்ப காலமாகிறது. அன்றைக்கு வலியே தெரியவில்லை, அது என் முட்டியாகவே இல்லை.

வீதிக்கு வந்தபோது ஒலிபெருக்கியில் எங்கள் தொடரின் இசை முழங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஜனம். நடுத்தெருவில் அவர்கள் இருவரும் எதிரெதிரே நின்றுவிட்டார்கள்.

"வெண்டல்! சுடாதே!"

"இதோ வந்துட்டாங்க நம்ம மிஸ் கிளாரா!" என்றது ஒலிபெருக்கி. கூட்டம் ஒரே குரலில் ஆர்ப்பரித்தது: "சுடாதீங்க ஷெரிஃப்!"

"ஐயோ, அது நிஜத் துப்பாக்கி! உள்ள குண்டு இருக்கு!"

சிரித்தார்கள். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி தன் புருஷனிடம், "இந்த வருஷம் புதுசா வசனம் சேர்த்திருக்காங்க பாரு" என்றாள். நான் ஒருத்தனின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் சந்தோஷமாக என்னோடு படம் எடுத்துக்கொள்ளப் பார்த்தான். மறுபடி கத்தினேன். மறுபடி எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். ஊரே எனக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறது, ஒருத்தருக்கும் நான் சொல்வது கேட்கவில்லை. அந்தப் பயத்தை எப்படிச் சொல்வேன்?

வெண்டல் என்னைப் பார்க்கவே இல்லை. ஷெரிஃப் மிஸ் கிளாராவை எந்த வாரம் பார்த்தான்? நானே போய்க் கையைப் பிடிக்கலாம் என்றால் அவன் தெருவின் அந்தக் கோடியில் நின்றான். ரூபன்தான் எனக்குக் கிட்டே.

ரூபனின் விரல்கள் மெல்ல இடுப்புப் பக்கம் இறங்கின. அவன் எடுத்தால் வெண்டல் எடுப்பான். அவ்வளவுதான், முடிந்தது.

தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து ரூபனிடம் ஓடினேன். "ரூபன், எடுக்காதே! அவன்கிட்ட இருக்கறது நிஜம்!"

"ஓரமாப் போங்க மிஸ் கிளாரா," என்று உறுமினான், வில்லன் குரலில். கண்ணில் குறும்பு. பாவி, நான் அன்றைக்குப் பிரமாதமாக நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். அவன் கை பிடிமேல் விழுந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்தக் கோமாளி ஞாபகம் வந்தான்.

ரூபன் உறையிலிருந்து உருவுவதற்குள் நான் அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கினேன். பிடுங்கித் தூர எறிந்தேன். அது தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. பிறகு ரூபனின் இரண்டு கையையும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினேன்.

வெண்டலின் துப்பாக்கி உறையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அப்படியே நின்றது.

இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெண்டல் ரூபனின் வெறும் கைகளைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு துப்பாக்கியை உள்ளே தள்ளிவிட்டு, விறுவிறுவென்று எங்களிடம் வந்தான்.

"என்னடி பண்ற? கிறுக்குப் பிடிச்சிருக்கா? மொத்தத்தையும் கெடுத்துட்டே!"

பையிலிருந்து மஞ்சள் நாடா ஒட்டிய துப்பாக்கியை எடுத்து அவன் முன்னால் நீட்டினேன்.

அதைப் பார்த்தான். தன் இடுப்பைப் பார்த்தான். இடுப்புத் துப்பாக்கியை எடுத்துத் தோட்டா உருளையைத் திறந்தான். வெயிலில் பித்தளை பளபளத்தது. குண்டுகளை ஒவ்வொன்றாக என் ஏப்ரன் பையில் போட்டான். நடுங்காத கை அன்றைக்கு நடுங்கியதில் ஒன்று கீழே மண்ணில் விழுந்தது. ரூபன் அதைக் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கய்யா குறி வெச்சிருந்தே?" என்று கேட்டான்.

வெண்டலுக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டான். "ரெண்டாவது பித்தான்," என்றான்.

ரூபன் அந்தப் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கூட்டம் பொறுமையிழந்தது. "சுடு! சுடு!" என்று காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. நான் கருவிகளை வெண்டலின் காதில் மாட்டிவிட்டேன். அதனால் அந்தச் சத்தமெல்லாம் அவனுக்கு நன்றாகவே கேட்டது. நாடாத் துப்பாக்கியை அவன் கையில் திணிக்கப் பார்த்தேன். வாங்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஜனம் வெயில்ல நிக்குதுய்யா," என்றான் ரூபன். "நான் சாகாம ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டாங்க."

வெண்டல் தலையை மட்டும் ஆட்டினான், மாட்டேன் என்று.

ரூபன் பெருமூச்சு விட்டான். இரண்டடி பின்னால் போனான். "டுமீல்!" என்று தானே உரக்கச் சொன்னான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, நடுத்தெருவில் விழுந்து செத்தான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் செத்ததிலேயே அதுதான் உசத்தி என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இதற்கப்புறம் ஷெரிஃப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்து போக வேண்டும். வாரா வாரம் அப்படித்தான். வெண்டல் போகவில்லை. மண்ணில் மண்டியிட்டான். ரூபனின் இரண்டாவது பித்தான்மேல் கையை வைத்தான்.

"எழுந்து போய்யா, செத்துட்டேன்ல," என்றான் ரூபன், உதடு அசையாமல்.

"இரு," என்றான் வெண்டல். "கொஞ்ச நேரம் இரு."

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ரூபன் மூச்சு விடவிட, வெண்டலின் கை ஏறி ஏறி இறங்கியது.