நாரைக்குப் போட்ட வேட்டு

வள்ளித்தாய்க்கு இடது கை விரல்கள் மடங்காது. பட்டாசுக் கம்பெனியில் வெந்த கை. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடவில்லை. நாட்டுக்கோழி வளர்த்தாள். முட்டையும் கோழியும் விற்றுத்தான் வீட்டில் சோறு பொங்கியது. புருஷன் முனியசாமியின் கூலி பாதி வழியிலேயே கரைந்துவிடும். அந்த மனுசனைப் பற்றிப் பேசினால் நமக்கு வாய்தான் வலிக்கும்.

வைப்பாற்றில் மேற்கே எங்கோ காக்கைகள் செத்து மிதக்கின்றன, பறவைக் காய்ச்சல் என்று பேச்சு வந்ததும் தங்கப்பாண்டியனுக்குத் தூக்கம் போயிற்று. தோட்டந்துரவு உள்ள பெரிய சம்சாரி அவர்; முனியசாமிக்குக் கூலி வேலையும் அவரிடம்தான். ஆற்றங்கரையில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். பண்ணையை ஒட்டிய புளியமரங்களில் வருசா வருசம் நாரைகள் கூடு கட்டும். "அதுபாட்டுக்கு விடுங்க. விரட்டினா நோயை ஊர் ஊராக் கொண்டுபோகும்" என்று கால்நடை டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டால்தானே! வேட்டுக்குப் பஞ்சமில்லாத ஊரில் வேறென்ன யோசனை வரும்?

"ஏலே முனியசாமி, கம்பெனியில கழிச்சுப் போட்ட வெடி கெடக்கும்லா, அள்ளிட்டு வா. ஒரு நாரை இங்கன இருக்கக் கூடாது."

பொழுது சாயும் நேரத்தில் முனியசாமி கொளுத்தினான். காது கிழிந்தது. நாரைகள் எழும்பி அலறிக்கொண்டு சுற்றின. இறகு முளைக்காத குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஊர் நாய்களுக்குக் கொண்டாட்டம். சிலர் செல்போனில் படம் பிடித்துச் சிரித்தார்கள். வள்ளித்தாய் பார்க்கமாட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

விடிந்து பண்ணைக் கதவைத் திறந்தால், ஒரு மூலையில் கோழிகள் குவியலாகச் செத்துக் கிடந்தன.

"வந்துருச்சே, காய்ச்சல் வந்துருச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் தங்கப்பாண்டியன். டாக்டருக்குப் போன் போட்டார். அவர் வரும்வரையாவது பொறுத்திருக்கலாம். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வள்ளித்தாய் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒங்கோழிதான் ஆத்துல மேஞ்சு நோயைக் கொண்டாந்துருக்கு. எல்லாத்தையும் இப்பவே கொன்னு பொதை."

"எங்கோழிக்கு ஒண்ணுமில்லைய்யா. டாக்டர் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் அடைச்சு வைக்கேன்யா."

"நீ செய்யுதியா, நாங்க செய்யவா? நாங்க செஞ்சா, ஒம்புருசனுக்கு இனி எந்தோட்டத்துல வேலை கெடையாது."

"கொன்னு தொலையேண்டி" என்றான் முனியசாமி. கட்டினவன் பேசுகிற பேச்சா இது!

கண்டவன் கையில் குத்துயிரும் குலையுயிருமாய்த் துடிப்பதற்கு, தானே செய்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். தீனிக்குக் கூப்பிடுகிற குரலில்தான் கூப்பிட்டாள். ஓடி வந்தன. மடங்காத கையால் முழங்காலோடு அழுத்திக்கொண்டு வலது கையால் கழுத்தைத் திருகினாள். அடைகாத்துக்கொண்டிருந்த கருங்கோழி மட்டும் எழுந்து வரவில்லை. அதை அவளே போய்த் தூக்கி வந்தாள். பாவி மக்கள், ஒருத்தர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

குழியை மூடிக்கொண்டிருக்கும்போது டாக்டர் வந்தார். பண்ணைக்குப் போய்ச் செத்த கோழியை அறுத்துப் பார்த்தார்.

"சோதனைக்கு அனுப்புதேன். ஆனா இது காய்ச்சல் மாதிரித் தெரியல. மூலையில கெடக்கதுதான் செத்துருக்கு, மத்தது நல்லா மேயுது. மிரண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சு முட்டிருக்கு. வேட்டு கீட்டு போட்டீகளா?"

"இந்தா நிக்கான் பாருங்க, இவன்தான் சார் போட்டான்" என்றார் தங்கப்பாண்டியன், கூசாமல்.

சோதனை முடிவும் வந்தது. நோய் இல்லை. வள்ளித்தாய் பண்ணைக்கு ஓடினாள்.

"ஐயா, நல்லா இருந்த உசுருகளை என் கையாலயே கொல்ல வச்சிட்டீகளே!"

"கோழிதானே, விடு" என்றவர், அண்ணாந்து புளியமரத்தைப் பார்த்தார். நாரைகள் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன. "மிச்சக் கோழியை வித்தாச்சு. பண்ணைக்குப் புதுக் கோழிக்குஞ்சு எறக்குறதுக்கு முன்னாடி இந்தச் சனியனை ஓட்டிரணும். சாயங்காலம் ஒம்புருசன் வெடி போடுவான். விழுறதை அள்ளிப் போட ஆளு வேணும். வாரியா, கூலி தாரேன்."

அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். வீட்டில் அரிசி இல்லை. சாயங்காலம் சாக்கை எடுத்துக்கொண்டு போனாள்.