பேலிகோஸுக்கு இரண்டு கையெழுத்து

அகராதி அலுவலகத்தில் அவள் சேர்ந்து இன்றோடு ஒரு வருடம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவள் எழுதிய ஒரு சொல்லாவது இரண்டு கையெழுத்தோடு அச்சுக்குப் போனால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நாளைக்கே வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

அவள் தலையில் விழுந்தது 'பேலிகோஸ்' என்ற கிரேக்கச் சொல். 'எவ்வளவு பெரிய' என்று பொருள். வயதைப் பற்றிய பேச்சென்றால் 'எத்தனை வயதான'. கூட வரும் பெயர்ச்சொல்லின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்றபடி வால் மாறும். இதுவரை தகராறில்லை. 'எவ்வளவு பெரிய?' என்ற கேள்விப் பொருளை முதலில் போடுவதா, 'எவ்வளவு பெரிய!' என்ற வியப்புப் பொருளையா என்பதில்தான் ஏழு வாரம் நாசமாய்ப் போயிற்று.

கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இருவர். சிவப்புப் பென்சிலால் திருத்துகிறவருக்குப் பெயர் சிவப்பு. பச்சை மையால் திருத்துகிற அம்மாள் பச்சை. அவர் மகனுக்கு இந்த அம்மாளின் மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து சம்பந்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எதிரெதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு துண்டுச்சீட்டு எழுதுவார்கள். நாலடி தூரத்துக்கு இவள்தான் தபால்காரி.

கேள்விதான் முதலில் என்று சிவப்பு ஆறு சீட்டு எழுதியிருந்தார். வியப்புதான் என்று பச்சை ஏழு. இன்று மூன்று மணிக்கு இருவரிடமிருந்தும் ஒரே நேரத்தில் சீட்டு வந்தது. எதிராளியின் வாதத்தை வரிவரியாக யோசித்துப் பார்த்ததில் வியப்புதான் சரி என்று சிவப்பு ஒப்புக்கொண்டிருந்தார். கேள்விதான் சரி என்று பச்சை ஒப்புக்கொண்டிருந்தார்.

சீட்டுகளைக் கைமாற்றிக் கொடுத்தாள். நாலு மணிக்குள் இருவரும் புதுக் கட்சிக்காகப் பழைய வேகத்தில் மல்லுக்கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

நாலே முக்காலுக்கு இரண்டு மேசைக்கும் நடுவில் போய் நின்றாள்.

"சார், மேடம், உங்களுக்கு இந்த வார்த்தையா முக்கியம்? கல்யாணத்துல தீராத சண்டைய என் தலையில வெச்சு ஏன் தீத்துக்கறீங்க? என் பொழப்பு போகுது."

பச்சை பேனாவை மூடி வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போனார்.

"சம்பந்தி, இந்தப் பொண்ணு சொன்னதக் கேட்டீங்களா?"

கேட்டேன் என்று சொல்லிச் சிவப்பு நகர்ந்து இடம் விட்டார். இவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முன்பே வாயைத் திறந்திருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு தாளை நீட்டினார்கள். கீழே சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, இரண்டு கையெழுத்தும் இருந்தன. பெரியவர்களிடம் மட்டுமரியாதை இல்லாமல் பேசிய இவளை நிரந்தரமாக்க வேண்டாம் என்று மேலே எழுதியிருந்தது. எங்கேயும் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை.