கண்ணை மூடிய அந்தி

சூரியன் கடலில் இறங்குவதைத் தெலேசியா ஒருநாளும் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? சவாயித் தீவின் மேற்குக் கரையில், வாசலிலேயே கடலை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தவள். ஆனால் சரியாக அந்த நேரத்துக்குத்தான் ஊரில் ஜெபத்துக்குச் சங்கு ஊதுவார்கள். போட்டது போட்டபடி எல்லாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து கண்ணை மூடிவிட வேண்டும். ஆமென் சொல்லித் திறந்தால் இருட்டு. சின்ன வயதில் அப்பா ஜெபம் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெனியாமினா.

அதனால்தான் முப்பதாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று மகள் கேட்டபோது அவள் இதைக் கேட்டாள். ஃபிஜிக்கு விமானம் ஏறி, இந்த ஓட்டல் மொட்டைமாடியில், கடலைப் பார்த்த மேஜையில் வந்து உட்கார்ந்தாயிற்று. இங்கே சங்கு ஊத ஆளில்லை.

சூரியன் தண்ணீரைத் தொட ஒரு சாண் இருந்தது. தேங்காய்ப்பாலில் ஊறிய மீன் வந்தது. பெனியாமினா கைகளைக் கோத்துக்கொண்டார்.

"கண்ண மூடு. ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடலாம்."

"இன்னிக்கு ஒரு நாளாவது சுருக்கமா முடிங்களேன்."

"சங்கு ஊதலன்னா ஆண்டவருக்கு நேரம் தெரியாதா?"

மூடினாள். சபையின் மூப்பர் அல்லவா, மனுஷர் விமானியில் தொடங்கிச் சமையல்காரன்வரை ஒருவரையும் விடவில்லை. இமைக்குள் சிவப்பு மங்கிக்கொண்டே வந்தது. கடல் தாண்டி வந்தும் இதே கதியா? ஆண்டவர் படைத்த சூரியனைப் பார்த்தால் ஆண்டவருக்கா கோபம் வரும்?

கண்ணைத் திறந்தாள்.

சூரியன் நகக்கண் அளவுக்கு மிச்சமிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. எதிரே பெனியாமினாவின் வாய் பேரப்பிள்ளைகளுக்காக மன்றாடிக்கொண்டிருந்தது. கண்கள் இரண்டும் அகலத் திறந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆமென்" என்றாள், அவர் முடிக்கும் முன்பே.

எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டாள். அவர் மீனைக் கிளறினார். குடும்பத் தலைவனும் கண்ணை மூடிவிட்டால், பிள்ளைகள் மூடியிருக்கிறார்களா என்று யார் பார்ப்பது என்றார்.

"பிள்ளைங்க வீட்ட விட்டுப் போய்ப் பதினோரு வருஷமாச்சு."

அவர் மறுபடியும் மீனைக் கிளறினார். கடலும் கறுத்துவிட்டது.

தெலேசியா மீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் இதே மேஜைதான். ஜெபம் நான் பண்றேன். நீங்க கண்ண மூடுங்க. நான் நீளமாப் பண்ணுவேன்."