ஆறுக்கு நாலு புல்வெளி

…பனி என்றால் வெறும் வெள்ளைதானே, வெள்ளையை எப்படி அச்சடிப்பார்கள், அடித்தாலும் அடித்த மாதிரி தெரியுமா, வெறும் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தாயா என்று வீட்டுக்காரர் அருள் கேட்க மாட்டார், அவர் எதையுமே கேட்க மாட்டார், அதுதானே இப்போது பயமாக இருக்கிறது என்று ஷர்லி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அன்புமொழி திரும்பிச் சிரித்தாள். "பனிதான் வேணும்னா சொல்லுங்கக்கா, வெள்ளை ஃப்ளெக்ஸை அப்படியே வெட்டித் தந்துர்றேன். பிரிண்டே வேணாம், மை மிச்சம்." அறந்தாங்கியில் கட்டுமாவடி ரோட்டில் இருக்கும் இந்த ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் பண்ணுகிற பெண் இவள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஷர்லியும் சிரித்து வைத்தாள். சிரித்த கையோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சாயந்தரத்துக்குள் பாஸ்போர்ட் காப்பி வந்துவிட வேண்டும் என்று ஏஜென்ட் நேற்று சொல்லிவிட்டார். ஓமானில் ஒரு கம்பெனி, அதே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. "பாக்குறேன் சார்" என்றார் அருள். பாக்குறேன் என்றால் போறேன் என்றா, போகலை என்றா? பதினோரு வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்தவரின் ஒரு 'பாக்குறேன்' அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சாயந்தரத்துக்குள் இந்த விரிப்பை அச்சடித்து வாங்கி, பஸ் பிடித்து மீமிசல் போய், சாப்பாட்டு மேசையில் விரித்துவிட வேண்டும். விரித்தால் போக மாட்டாரா? ஒரு விரிப்பைப் பார்த்தா ஒரு ஆள் இருந்துவிடுவார்? தெரியவில்லை, ஆனால் வேறு எதைச் செய்வது என்றும் தெரியவில்லை…

ரெண்டு மாசம் முன்னால் வரை அவர் வைத்திருக்கும் பொம்மைகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வேலை பார்த்த கோடவுனை மூடிவிட்டார்கள் என்று அவர் வந்து இறங்கிய அன்று, கயிறு கட்டி மார்க்கரில் பெயர் எழுதின அட்டைப்பெட்டியைச் சுற்றி வீடே உட்கார்ந்திருந்தது, சென்ட், சாக்லேட், தைலம் என்று ஆளுக்கொரு கணக்கு. உள்ளே பஞ்சுத் தட்டுகளில் விரல் உயரத்துக்குச் சிப்பாய்கள். நீலச் சட்டை, சிவப்புச் சட்டை, குதிரை, பீரங்கி, ஒவ்வொரு சட்டையிலும் கடுகைவிடச் சின்னதாகப் பொத்தான், அதற்குத் தங்க வர்ணம். "என்னண்ணே, வேதக்கார வீட்டுல கொலு வைக்கப் போறியா?" என்றான் கொழுந்தன் நிலவழகன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மகள் சிரித்தாள், ஷர்லியும்தான் சிரித்தாள், ஏன் சிரித்தோம்? "சும்மா, ஒரு வெளையாட்டு" என்று அவர் பெட்டியை மூடிப் பரணில் ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் டிவி, ரிமோட், தூக்கம். போன வாரம் அரை நாள் லீவில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலை ஒட்டித் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து மெத்தை விரிப்பின் மேல் அவற்றை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். மெத்தை அமுங்கியது, ஒன்று சாய்ந்து பக்கத்தில் இருந்ததைத் தள்ளியது, அது இன்னொன்றை. எடுத்து நிறுத்தினார். மறுபடி சாய்ந்தது. மறுபடி நிறுத்தினார், கோபமே இல்லாமல். காப்பியில் சர்க்கரை கூடினால் டம்ளரை நகர்த்தி வைக்கிற மனுஷனுக்கு இவ்வளவு பொறுமை எங்கே இருந்தது? செருப்பை மறுபடி போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்து, கேட்டைச் சத்தமாகத் திறந்து, அப்போதுதான் வருகிற மாதிரி வந்தாள். தன் வீட்டுக்குள் திருடி மாதிரி.

ரகுநாத்தின் நம்பரை அவர் போனிலிருந்து எடுத்ததும் திருட்டுதான். ஷார்ஜாவில் அவரோடு ஒரே அறையில் இருந்தவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். "அண்ணி! அண்ணன் பொம்மைய வெளிய எடுத்தாரா?" என்று அவன் கத்திய கத்தலில் போனைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. விளக்கினான். ரெண்டு பேர், ரெண்டு படை, இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டி யார் சுட்டது யார் செத்தது என்று பார்க்க வேண்டும், ஒரு ஆட்டம் முடிய மூணு மணி நேரம். "கீழ விரிக்க ஒரு மேட் வேணும் அண்ணி. அது இருந்தாத்தான் அது சண்டை நடக்குற எடம், இல்லாட்டி வெறும் மேசை." அவர்கள் வைத்திருந்தது ரப்பர் விரிப்பாம், மவுஸ் வைக்கிறோமே அந்த மாதிரி, உருட்டி வைத்துக்கொள்ளலாம், ஆறு அடிக்கு நாலு அடி, வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், வர மாசக்கணக்கில் ஆகும். மாசக்கணக்குக்கு எங்கே போவது? அவளுக்கு இந்தச் சாயந்தரம் வேண்டும். பேச்சோடு பேச்சாக அவன் சொன்னான், வெள்ளிக்கிழமையானா எங்க ரூம்ல இதே வேலைதான் அண்ணி, வேலைக்காரன் மேலதிகாரி எல்லாம் ஒண்ணா உக்காந்துருவோம். வெள்ளிக்கிழமையா… வெள்ளிக்கிழமை ஓவர்டைம், அப்புறம் பேசுறேன் என்றுதானே சொல்வார். பாவம், லீவு நாளிலும் வேலை என்று அவள் வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை விட்டு ஜெபித்தாளே, வருஷக்கணக்கில்? அந்தப் பசியெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது? அவன் ஒரு போட்டோவும் அனுப்பினான். பச்சை விரிப்புக்கு முன்னால் அருள் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வெள்ளி கட்டியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. எப்போது கட்டினார், வலித்ததா, யாரோடு போனார்… அந்தப் பல் தெரிகிற அளவுக்கு அவர் இந்த வீட்டில் வாயைத் திறக்கவே இல்லை.

அங்கே மணல், அதனால் அவர்கள் பச்சை விரித்திருந்தார்கள், அது புரிகிறது. இங்கே எதை விரிப்பது? மணலைக் கொடுத்தால் விட்டுவந்த ஊர் ஞாபகம் வராதா, வந்தால் அந்தப் பாஸ்போர்ட் காப்பி உடனே போய்விடாதா? பச்சையைக் கொடுத்தால் அந்த அறை ஞாபகம் வரும், அது இன்னும் மோசமில்லையா? அதனால்தான் பனி என்று யோசித்தாள், அவரும் பார்க்காத இடம் அவளும் பார்க்காத இடம், ஆனால் பனியில்தான் மை மிச்சமாம். "சரி, பச்சையே காட்டு" என்றாள். அன்புமொழி ஒரு புல்வெளிப் படத்தைத் திறந்தாள், பனித்துளியோடு, பளபளவென்று. காதுகுத்து, சடங்கு, எல்லாத்துக்கும் இதான்க்கா ஓடுது. நன்றாகத்தான் இருந்தது. ஷர்லி கைப்பையிலிருந்து கைக்குட்டையைப் பிரித்து, பரணிலிருந்து எடுத்து வந்திருந்த ஒரு நீலச் சட்டைக்காரனை மேசையில் நிறுத்தினாள். எடுத்ததைக் கண்டுபிடித்துவிடுவாரோ? எண்ணி வைத்திருப்பாரோ? "ஐ, கேக்கு மேல வைக்கிறதாக்கா?" என்றாள் அன்புமொழி. இல்லம்மா, எங்க வீட்டுக்காரர் வெளையாடுறது. "ஒங்க வீட்டுக்காரரா! எங்க அண்ணனும் நாப்பது வயசுல பட்டம்தான் விடுறாரு, விடுங்கக்கா, சீட்டாடாம இருந்தாச் சரி." பிறகு அவளே உதட்டைப் பிதுக்கினாள். படத்தை ஆறடிக்குப் பெரிதாக்கினால் ஒவ்வொரு புல்லும் அந்தச் சிப்பாய் உயரத்துக்கு வருமே. புல்லுக்குள் எறும்பு மாதிரி நிற்பானே. ஷர்லிக்குக் காது சூடானது, இதுகூடத் தோன்றாமல்தான் நாலு நாளாகத் தூங்காமல் யோசித்தோமா?

அப்போதுதான் ரெண்டு பேர் வண்டியை ஸ்டாண்டு போடாமலே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். பெரியப்பா தவறிட்டாரு, நாலு மணிக்கு எடுக்குறோம், ஆறுக்கு எட்டு ரெண்டு வேணும். அன்புமொழியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. "துக்கம்னா அதான்க்கா மொதல்ல. செத்த உக்காருங்க" என்று பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் நகர்த்தினாள். இது எல்லா ஃப்ளெக்ஸ் கடையிலும் உள்ள வழக்கம்தான், கல்யாணம் காத்திருக்கும், எலக்ஷன் காத்திருக்கும், இது காத்திருக்காது, இதற்குப் போய் முகம் சுளிக்க முடியுமா. ஷர்லி உட்கார்ந்தாள். திரையில் அந்தப் பெரியவர் முகத்தை வெட்டி எடுத்தார்கள். வேற போட்டோ இல்லையாண்ணே? இல்லம்மா, பாஸ்போர்ட்டுல இருந்ததுதான், மலேசியாவுல இருந்தாரு. சிரிக்காத, காது ரெண்டும் தெரிகிற முகம். அதற்குக் கீழே அன்புமொழி என்னத்தைப் போடுகிறாள்… அதே புல், அதே பனித்துளி. ஷர்லி பார்வையைத் தரைக்கு மாற்றினாள். வேண்டாம், இயேசுவே, அந்தப் படம் வேண்டவே வேண்டாம். இது என்ன சகுனம் பார்க்கிற புத்தி, ஆனால் அந்தப் பாஸ்போர்ட் முகம்… நம் வீட்டிலும் அவர் சிரிக்கிற படம் ஒன்றுகூட இல்லையே, அந்த வெள்ளிப்பல் படத்தைத் தவிர, அதுவும் இன்னொருத்தன் அனுப்பியது. மெஷின் ஓடத் தொடங்கியது, மை வாடை தொண்டைக்குள் இறங்கியது. இந்த வாடை வீட்டுக்கும் வருமா, அவருக்குத் தலைவலி வந்தால்? காப்பியை அவர் நகர்த்தி வைக்கிற மாதிரி இதையும் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தால்? இல்லை, நிலவழகன் சிரித்ததுபோல் இதுவும் ஒரு கேலி என்று நினைத்துக்கொண்டால்? திருடி, அளந்து, இன்னொருத்தனிடம் விசாரித்து… ஒரு மனுஷன் ஒளித்து வைத்ததை இழுத்து மேசைமேல் போடுவது அன்பா, வேவா?

அவர்கள் போனதும் அன்புமொழி அவளைக் கூப்பிட்டாள். மேலேயிருந்து எடுத்த படமாக இருந்தால் புல் சின்னதாகத் தெரியும் அல்லவா, கல்யாணத்துக்கு ட்ரோன் ஓட்டுகிற சரவணக்குமார் கொடுத்தது நிறையக் கிடக்கிறது. "இங்கிட்டு வந்து பாருங்க. ஒங்க ஊருப் பக்கமே இருக்குக்கா, கடல், வலை காயப்போட்டது எல்லாம்." இல்லை, அது வேண்டாம் என்று சட்டென்று சொன்னாள், சொன்ன வேகம் அவளுக்கே உறைத்தது. ஊரை விரித்துப் போட்டு, போகாதீங்க என்று காலைப் பிடிக்கிற மாதிரி அல்லவா ஆகும். கடைசியில் விராலிமலைப் பக்கம் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு எடுத்தது வந்தது, மழை பெய்து முடிந்த தரிசு, குட்டைப் புல், நடுவில் செம்மண் வண்டித்தடம், ஓரத்தில் நாலைந்து மரம். எந்த ஊர் என்று அன்புமொழிக்கே தெரியவில்லை. நீலச் சட்டைக்காரனைத் திரைமேல் பிடித்துப் பார்த்தார்கள், சரியாக நின்றான். ஷர்லிக்கு முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது. பளபளப்பு வேண்டாம், மேட் ஃபினிஷ், லைட்டு பட்டால் கண்ணைக் கூசக் கூடாது. மடிக்க வேண்டாம், மடித்தால் கோடு விழும், குழாயில் சுருட்டிக் கொடு. "கயிறு கட்ட நாலு மூலையிலயும் கண்ணு போட்டுரவா?" கட்டவா போறோம், வேண்டாம்மா. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது, நாலு ராத்திரி யோசித்ததற்குப் பலன்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. மரத்து நெழலெல்லாம் ஒரே பக்கமா விழுது பாருங்க. இங்கிட்டு இருந்து பாத்தா நேரா இருக்கு, அங்கிட்டு இருந்து பாத்தா தலகீழாத் தெரியும். ஒங்க வீட்டுக்காரர் எங்கிட்டு உக்காருவாரு?" சுவர்ப் பக்கம் என்றாள் ஷர்லி. "சரி. எதுத்தாப்ல?" எதுத்தாப்லன்னா? "ரெண்டு பேர் வெளையாடுறதுன்னு சொன்னீங்கள்ல. எதுத்தாப்ல யாரு?"

ரகுநாத் அங்கே இருக்கிறான். நிலவழகன் உட்கார்ந்தால் கேலி செய்தே எழுப்பிவிடுவான். மகளுக்கு டியூஷன், பத்தாம் வகுப்பு. மீமிசலில் இதைக் கேள்விப்பட்டவர்கள்கூட யாரும் இல்லை. மேசையை டேப் வைத்து அளந்தாளே, பளபளப்பு, வாடை, புல், மண் எல்லாம் யோசித்தாளே, எதிர் நாற்காலி மட்டும் எப்படி விட்டுப்போனது? அப்படியானால் தான்தான். தானா? மூணு மணி நேரம் அவருக்கு நேர் எதிரே… அப்படி என்றைக்காவது உட்கார்ந்திருக்கிறாளா? கோயிலில் ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். பஸ்ஸில் பக்கத்தில், பைக்கில் முதுகுக்குப் பின்னால். அவர் சாப்பிடும்போது அவள் நின்று பரிமாறுவாள், படுத்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பல். எதிர்முகம் என்று பார்த்தது போனில்தான், உள்ளங்கை அகலத்துக்கு, அதிலும் பேச்சு நின்றுபோனால் நெட்டு சரியில்லைங்க என்று கட் பண்ணிவிடலாம். எத்தனை தடவை அப்படிச் செய்திருக்கிறாள், நெட்டு நன்றாக இருக்கும்போதே. ஆறுக்கு நாலில், நாலடி தூரத்தில், நெட்டு எங்கே போகும்? அவர் போய்விட்டால் என்று நேற்றிலிருந்து பயந்தாளே, வீட்டில் தனியாக, மறுபடி வெள்ளிக்கிழமை, மறுபடி ஏர்போர்ட்… போகாவிட்டால் என்று ஒரு தடவையாவது முழுசாக நினைத்துப் பார்த்தாளா?

"அக்கா?"

"நான்தான்" என்றாள். "எதுத்தாப்ல நான்தான்."

"ஒங்களுக்கு வெளையாடத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினாள். அன்புமொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப ஒங்களுக்குத் தலகீழா இருந்தாப் பரவால்லையா?" பரவாயில்லை என்றாள், சொல்லிவிட்டு, பரவாயில்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், அதற்குள் மவுஸ் சொடுக்கியாகிவிட்டது. மெஷின் தலை இப்படியும் அப்படியும் ஓட, விரற்கடை விரற்கடையாகப் பச்சை வெளியே வந்தது. முதலில் வருவது அவர் ஓரமா, தன் ஓரமா? ஷர்லி மெஷின் கிட்டே போனாள், ஈரமாக இருந்த அந்த ஓரத்தைத் தொட விரலை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டாள்.