கலீலுர் ரஹ்மானைத் தொடர்ந்து வந்த ஆடுகள்

குவைத்துக்குச் சரக்கு பார்க்கப் போன கலீலுர் ரஹ்மான் போன அக்டோபரில் துபாய்க்குத் திரும்பியபோது, அவருக்குப் பின்னால் ஒரு மந்தைச் செம்மறியாடுகள் விமானத்திலிருந்து இறங்கின. கையில் பெட்டி எதுவும் இல்லாததால் அவற்றைச் சுங்கத்தில் யாரும் நிறுத்தவில்லை. டாக்சிக்குப் பின்னாலேயே ஓடிவந்து, தேராவில் அவர் குடியிருக்கும் கட்டடத்தின் படியேறி, மூன்றாம் மாடி வராந்தாவில் படுத்துக்கொண்டன. வாட்ச்மேன் ஆரிப் வந்து பார்த்து, லிஃப்டில் மட்டும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைத் திறந்த மனைவி ஹாலிதா, ஆடுகளைவிட அவற்றின் ரோமத்தில் ஒட்டியிருந்த ஊதா இதழ்களைத்தான் பார்த்தாள். கீழக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் புருஷனின் மசாலாக் கடைக்குக் குங்குமப்பூ இழை பிரித்துக் கொடுப்பவள் அவள். இழையைப் பார்த்தவள், பூவைப் பார்த்ததில்லை. இத்தாலியில் அப்ருஸ்ஸோ என்று சத்தமில்லாத ஒரு மலைச்சீமை, அக்டோபரில் விடிவதற்குள் அங்கே ஊதாநிறக் குங்குமப்பூ பறிப்பார்கள், குளிர் இறங்குமுன் ஆடுகளை வெதுவெதுப்பான சமவெளிக்கு ஓட்டி வருவார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதிலிருந்து அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்ததும் கூட்டிப்போவதாகப் புருஷன் வாக்குக் கொடுத்திருந்தார். கட்டிக்கொடுத்தாயிற்று. விசாவுக்குக் கைரேகைகூட வைத்தாள். "ஒனக்கு விசா வரல புள்ள. நீ இல்லாம நா மட்டும் போவேனா?" என்றவர், மறுவாரமே குவைத் என்று கிளம்பினார். குவைத்தில் எங்கே இருக்கிறது குங்குமப்பூ? ஆடு பொய் சொல்லுமா?

"எனக்கு விசா வந்துச்சா மச்சான்?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "கூட்டாளிங்க எல்லாம் ஆம்புளைங்களாத்தான் போனாங்க... ஒன்ன எப்புடி..." என்று இழுத்தார். விசா வந்திருந்தது. பாவி மனுஷன்! அன்றோடு ஹாலிதா இழை பிரிப்பதை விட்டாள், அவரோடு பேசுவதையும் விட்டாள்.

குளிர்காலம் முழுக்க ஆடுகள் ஊருக்குள் நுழையும் கடல்கழியான க்ரீக் ஓரத்துப் புல்லை மேய்ந்தன. கூட்டமில்லாத நேரம் பார்த்துப் படகேறி அக்கரைக்கும் போய்வந்தன. ஹாலிதா பால் கறந்தாள். கட்டடம் முழுக்க அந்தப் பாலில்தான் டீ குடித்தார்கள். மே மாதம் வெயில் ஏறியதும், மலைக்குத் திரும்ப மந்தை எழுந்து நின்றது. ஹாலிதா அபாயாவை மாட்டிக்கொண்டு, ஒரு பையோடு அவற்றின் நடுவில் படியிறங்கினாள். கலீலுர் ரஹ்மான் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே பின்னால் ஓடிவந்தார்.

"நானும் வாறேன் புள்ள."

"ஒங்களுக்கு விசா வரல மச்சான்," என்றாள் ஹாலிதா.

மந்தை கடல் பக்கமாகத் திரும்பியது. வண்டிகள் நின்று வழிவிட்டன. அக்டோபரில் ஆடுகள் எப்படியும் வந்துவிடும் என்பதால் ஆரிப் வராந்தாவைக் கழுவி வைத்தார். ஹாலிதா வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. இழையைக் கலீலுர் ரஹ்மான் இப்போது தானே பிரிக்கிறார்.